ஊசி போட்டும் காய்ச்சல் இறங்கலையா? செல்லுக்குள் ஒளியும் பாக்டீரியாவை விஞ்ஞானிகள் எண்ணுவது எப்படி?

பொங்கலுக்கு இன்னும் பத்து நாள். சென்னையில் வேலை பார்க்கும் ஒருவருக்குத் திண்டிவனம் பக்கத்துக் கிராமத்தில் இருந்து போன் வருகிறது. "அம்மாவுக்கு ஆறு நாளா காய்ச்சல்டா. ரெண்டு ஊசி போட்டாச்சு, மாத்திரையும் குடுத்தாங்க. காலையில குறையுது, சாயந்தரம் ஏறிடுது. டெங்கு இல்லையாம், டைபாய்டும் இல்லையாம். என்னன்னே தெரியல."

இது ஏதோ ஒரு வீட்டின் கதை அல்ல. வடகிழக்குப் பருவமழை முடிந்து குளிர் தொடங்கும் மாதங்களில் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரக் கிராமங்களில் இப்படி ஒரு போன் எந்த வீட்டில் இருந்தும் வரலாம். ஊசி போட்டும் ஏன் இறங்கவில்லை? மருந்து போலியா? டாக்டர் சரியில்லையா?

பல நேரங்களில் பதில் இரண்டும் இல்லை. மருந்து ரத்தத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கிருமியோ செல்லுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. ரெண்டும் சந்திக்கவே இல்லை.

சுவாரசியம் என்னவென்றால், சில ஆன்டிபயாடிக் மருந்துகளுக்கு இருக்கும் இதே குறையை வைத்துத்தான், பாக்டீரியா நம் செல்லுக்குள் எப்படி நுழைகிறது என்பதையே விஞ்ஞானிகள் கண்டுபிடிக்கிறார்கள்.

அந்தக் காய்ச்சல் எது?

இப்படிப்பட்ட காய்ச்சலுக்குப் பின்னால் பல காரணங்கள் இருக்கலாம். அதில் பலரும் தவறவிடும் ஒன்று ஸ்க்ரப் டைபஸ். பெயரில் 'டைபஸ்' இருந்தாலும் டைபாய்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. தமிழில் 'உண்ணிக் காய்ச்சல்' என்று எழுதுகிறார்கள். ஆனால் கடிப்பது மாட்டின் மேல் கொழுத்துத் தொங்குமே, அந்த உண்ணி அல்ல. புல்லிலும் புதரிலும் இருக்கும் நுண்ணிய பூச்சியின் இளம்பருவம், அதாவது லார்வா. கண்ணுக்கு ஏறக்குறைய தெரியவே தெரியாது. கடித்தது பலருக்கு உறைப்பதும் இல்லை.

கிருமியின் பெயர் ஓரியன்ஷியா சுட்சுகமுஷி. தாய்ப்பூச்சியில் இருந்து முட்டை வழியாகக் குஞ்சுகளுக்கே இது போகிறது. எலி, மூஞ்சூறு போன்றவற்றின் உடம்பில்தான் அந்த லார்வாக்கள் வழக்கமாகச் சாப்பிடுகின்றன. வழியில் மனிதர் வந்தால் மனிதரையும் விடுவதில்லை. மனிதரிடம் இருந்து மனிதருக்கு இது தொற்றாது.

யாருக்கு வாய்ப்பு அதிகம்? மல்லாட்டைக் கொல்லையில் உட்கார்ந்து களை எடுப்பவர்கள், கரும்பு வெட்டுபவர்கள், சுள்ளி பொறுக்குபவர்கள், ஆடு மேய்ப்பவர்கள், வரப்பில் துண்டை விரித்துப் படுப்பவர்கள், புதர் மறைவில் ஒதுங்குபவர்கள். விழுப்புரம் மாவட்டத்தில் இந்தப் பட்டியலில் வராத வீடுகள் குறைவு.

இந்த வட்டாரத்துக்கு இது புதிதும் இல்லை. புதுச்சேரியிலும் தமிழகத்திலும் குளிர் மாதங்களில் ஸ்க்ரப் டைபஸ் பரவியது பற்றிய ஆய்வு 2015ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வந்தது. அடுத்த ஆண்டு, புதுச்சேரியிலும் தமிழகத்திலும் பிடித்த எலிகளிலும் மூஞ்சூறுகளிலும் இந்தப் பூச்சிகளும் கிருமியும் இருப்பதைப் பற்றிய ஆய்வும் அதே இதழில் வெளியானது.

இன்னும் பெரிய படம் 2025ல் கிடைத்தது. வேலூர் சி.எம்.சி.யும் லண்டன் ஸ்கூல் ஆஃப் ஹைஜீன் நிறுவனமும் சேர்ந்து, தமிழகத்தின் 37 கிராமங்களில் 32,000க்கும் மேற்பட்டவர்களைத் தொடர்ந்து கவனித்தன. நோய் நிலைத்திருக்கும் கிராமங்களில் ஆண்டுக்கு 10 சதவீதம் பேர் வரை இந்தக் கிருமி தொற்றுகிறது என்பது தெரிந்தது. தொற்றிய பெரும்பாலானவர்களுக்குக் காய்ச்சலே வராமல் போய்விடுகிறது. வருபவர்களில் சிலருக்கு நுரையீரல், மூளை, சிறுநீரகம் வரை போய், ஐ.சி.யு.வில் முடிகிறது.

செல்லுக்குள் நுழைவது எப்படி?

நம் உடம்பில் நுழையும் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவை செல்களுக்கு வெளியிலேயே பெருகும். நோய் எதிர்ப்பு அணுக்கள் அவற்றைத் தேடிப் பிடிக்கும். சில பாக்டீரியாக்கள் மட்டும் வேறு வழியைத் தேர்ந்தெடுக்கின்றன. 'வெளியே இருந்தால்தானே பிடிப்பாய், நான் உன் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறேன்' என்று.

ஓரியன்ஷியா இதில் கில்லாடி. அதன் உடலின் மேல் ஒரு புரதம் இருக்கிறது, பெயர் டி.எஸ்.ஏ.56. நம் செல்களைச் சுற்றி ஃபைப்ரோநெக்டின் என்ற ஒட்டும் புரதம் எப்போதும் இருக்கும். கிருமியின் புரதம் இதைப் பிடித்துக்கொள்கிறது என்று 2008ல் தென்கொரிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். செல்லின் மேல் இருக்கும் இன்டெக்ரின் என்ற கைப்பிடிகள் ஃபைப்ரோநெக்டினைப் பிடிப்பவை. ஆக, தெரிந்தவர் கையைப் பிடித்துக்கொண்டு கல்யாண மண்டபத்துக்குள் நுழையும் அழையா விருந்தாளி மாதிரி, கிருமி உள்ளே போகிறது. செல் தானாகவே தன் சவ்வை மடித்து அதை உள்ளே இழுத்துக்கொள்கிறது.

உள்ளே போனதும் அது ஒரு சின்னப் பைக்குள் மாட்டிக்கொள்ளும். செல் அந்தப் பையில் அமிலம் சேர்த்துக் கிருமியைச் செரித்துவிடப் பார்க்கும். அதற்கு முன் பையைக் கிழித்துக்கொண்டு ஓரியன்ஷியா வெளியே வந்துவிடுகிறது. பிறகு நடப்பதுதான் ஆச்சரியம். செல்லுக்குள் சரக்கு ஏற்றிச் செல்ல மைக்ரோடியூபுல் என்ற பாதைகள் உண்டு. அதில் டைனீன் என்ற மோட்டார் புரதம் ஓடும். கிருமி அதில் தொற்றிக்கொண்டு செல்லின் உட்கரு பக்கத்தில் போய் இறங்குகிறது. பாதை நம்முடையது, வண்டி நம்முடையது, சாப்பாடும் நம்முடையது. அங்கே பெருகி, கடைசியில் நம் செல்லின் சவ்வையே போர்த்திக்கொண்டு வெளியேறுகிறது.

உள்ளே எத்தனை போனது? எண்ணுவது எப்படி?

ஒரு பாக்டீரியா செல்லுக்குள் போகுமா, போகாதா? போனால் எத்தனை போகும்? கேட்பதற்குச் சுலபமான கேள்வி. லேபில் பதில் சொல்வது அவ்வளவு சுலபம் இல்லை.

ஒரு தட்டில் மனித செல்களை வளர்த்து, மேலே பாக்டீரியாவை ஊற்றினால் மூன்று வகை இருக்கும். திரவத்தில் மிதப்பவை, செல்லின் மேல் ஒட்டியிருப்பவை, உள்ளே போனவை. மிதப்பவற்றைக் கழுவிவிடலாம். ஒட்டியிருப்பவை கழுவினாலும் போகாது. அவற்றையும் சேர்த்து எண்ணினால் கணக்கு தப்பு.

இங்கேதான் ஜென்டாமைசின் வருகிறது. மைக்ரோமோனோஸ்போரா என்ற நுண்ணுயிரில் இருந்து கிடைத்து, 1963ல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட ஆன்டிபயாடிக் இது. பாக்டீரியாவைக் கொல்வதில் பலசாலி. ஆனால் அதற்கு ஒரு பலவீனம். அதன் மூலக்கூறு தண்ணீரில் நன்றாகக் கரையும், மின்னூட்டம் கொண்டது. நம் செல்லின் சவ்வு கொழுப்பால் ஆனது. எண்ணெயில் தண்ணீர் கலக்காத மாதிரி, ஜென்டாமைசினால் அந்தச் சவ்வைச் சுலபமாகத் தாண்ட முடியாது.

விஞ்ஞானிகள் இந்தப் பலவீனத்தையே கருவியாக்கினார்கள். செய்முறை இதுதான்:

முதலில் தட்டில் வளரும் செல்களின் மேல் எண்ணிக்கை தெரிந்த பாக்டீரியாவைச் சேர்ப்பார்கள். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காத்திருப்பார்கள். கழுவுவார்கள். பிறகு ஜென்டாமைசினைச் சேர்த்து ஒரு மணி நேரம் விடுவார்கள். வெளியே மிதப்பது, ஒட்டியிருப்பது எல்லாம் செத்துவிடும். உள்ளே போனது மட்டும் தப்பிக்கும். மருந்தைக் கழுவிவிட்டு, மென்மையான ஒரு சோப்புத் திரவத்தால் மனித செல்களை உடைப்பார்கள். வெளியே வருவதை அகார் தட்டில் தடவி ஒரு இரவு வைத்தால், தப்பிய ஒவ்வொரு பாக்டீரியாவும் பெருகிக் காலையில் ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளிகளை எண்ண வேண்டியதுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 லட்சம் பாக்டீரியா ஊற்றி, காலையில் கணக்குப்படி 10,000 தப்பியிருந்தால், நுழைந்தது 1 சதவீதம். அதே பாக்டீரியாவில் ஒரு மரபணுவை நீக்கிவிட்டு மறுபடி செய்கிறார்கள். இப்போது 10,000 என்பது 50 ஆகிவிட்டால்? அந்த மரபணுதான் கதவின் சாவி என்று அர்த்தம்.

இதற்கு 'ஜென்டாமைசின் பாதுகாப்புச் சோதனை' என்று பெயர். பாதுகாப்பு யாருக்கு? செல்லுக்குள் ஒளிந்த பாக்டீரியாவுக்கு.

சில எச்சரிக்கைகளும் உண்டு. மருந்தை ரொம்ப நேரம் விட்டால் செல் கொஞ்சம் கொஞ்சமாக அதை உறிஞ்சிக்கொள்ளும், உள்ளே இருப்பதும் சாகும். செல்லின் சவ்வில் ஓட்டை விழுந்தாலும் கதை கெட்டது. அதனால்தான் நீண்ட நேரச் சோதனைகளில் மருந்தின் அளவைக் குறைத்துவிடுவார்கள்.

இந்தச் சோதனையால் என்ன தெரிந்தது?

செல்லுக்குள் நுழைவது தற்செயல் அல்ல, அதற்கென்றே பாக்டீரியாவிடம் மரபணுக்கள் இருக்கின்றன என்பது தெரிந்தது. 1985ல் ரால்ஃப் இஸ்பெர்க், ஸ்டான்லி ஃபால்கோ என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள், யெர்சினியா என்ற பாக்டீரியாவில் இருந்து ஒரு மரபணுவை எடுத்து, லேபில் வளரும் சாதுவான இ.கோலையில் வைத்தார்கள். அதுவரை செல்லுக்குள் போகத் தெரியாத இ.கோலை உள்ளே போகத் தொடங்கியது. ஒரே ஒரு மரபணு!

1989ல் ஹோர்ஹே கலான், ராய் கர்டிஸ் இருவரும் சால்மோனெல்லாவில் நுழைவதற்குத் தேவையான மரபணுக்களைக் கண்டுபிடித்தார்கள். அவை ஊசி போன்ற ஒரு கருவியின் பாகங்கள் என்பது பிறகு தெரிந்தது. அந்த ஊசியால் பாக்டீரியா நம் செல்லுக்குள் புரதங்களைச் செலுத்துகிறது. செல்லின் சவ்வு அலை மாதிரி எழும்பி அதை விழுங்கிக்கொள்கிறது. டைபாய்டு கிருமி இந்தச் சால்மோனெல்லா குடும்பத்தைச் சேர்ந்ததுதான்.

லேபில் வரம், ஆஸ்பத்திரியில் ஆபத்து

இப்போது திண்டிவனம் போனுக்குத் திரும்புவோம்.

டைபாய்டு கிருமியை ஒரு கண்ணாடிக் குழாயில் வைத்து ஜென்டாமைசின் ஊற்றினால் செத்துவிடும். ரிப்போர்ட்டில் 'மருந்து வேலை செய்கிறது' என்று வரும். ஆனால் டைபாய்டு நோயாளிக்கு ஜென்டாமைசின் கொடுத்தால் நோய் குணமாகாது. கிருமி செல்லுக்குள் இருக்கிறது, மருந்து வெளியே நிற்கிறது. அதனால்தான் குழாயில் என்ன முடிவு வந்தாலும் டைபாய்டுக்கு இந்த வகை மருந்தைப் பரிந்துரைக்கக் கூடாது என்பது லேப் விதி.

தட்டில் பாக்டீரியாவைக் காப்பாற்றிய அதே சுவர், உடம்பிலும் அதைக் காப்பாற்றுகிறது.

ஸ்க்ரப் டைபஸில் பிரச்சினை இன்னும் கூடுதல். காரணம் தெரியாத காய்ச்சலுக்கு வழக்கமாகக் கொடுக்கப்படும் அமாக்சிசிலின் மாத்திரையோ, செஃப்ட்ரியாக்சோன் ஊசியோ இதற்கு எடுபடாது. இவை பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டவிடாமல் தடுத்துக் கொல்லும் மருந்துகள். செல்லுக்குள் இவை சரியாகப் போவதில்லை. போதாக்குறைக்கு, செல்லுக்குள் பாதுகாப்பாக வாழும் ஓரியன்ஷியாவுக்குக் கனமான சுவரே தேவைப்படுவதில்லை.

தேவை, கொழுப்புச் சவ்வைத் தாண்டி உள்ளே போகும் மருந்து. அப்படி முதலில் கைகொடுத்தது குளோரம்பெனிகால். 1948ல் ஜோசப் ஸ்மாடெல் தலைமையிலான குழு, தமிழர்கள் தோட்ட வேலைக்குப் போன அதே மலாயாவில், கோலாலம்பூரில், இதை ஸ்க்ரப் டைபஸ் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. காய்ச்சல் இறங்கியது. இன்று அந்த இடத்தில் டாக்ஸிசைக்ளின் இருக்கிறது. அசித்ரோமைசினும் வேலை செய்கிறது, கர்ப்பிணிகளுக்கு அதைத்தான் டாக்டர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டும் செல்லுக்குள் போகும். போய், கிருமி புரதம் தயாரிக்கும் ரைபோசோமை நிறுத்தும். சரியான நேரத்தில் கொடுத்தால் பலருக்கு 48 மணி நேரத்தில் காய்ச்சல் விட்டுவிடும்.

ஓரியன்ஷியாவை எண்ணுவது ஏன் கஷ்டம்?

ஜென்டாமைசின் சோதனையை ஓரியன்ஷியாவில் அப்படியே செய்ய முடியாது. அகார் தட்டில் அது வளராது. உயிருள்ள செல்லுக்குள் மட்டும்தான் பெருகும். காலையில் எண்ணப் புள்ளியே இருக்காது. அதனால் செல்லுக்குள் இருக்கும் கிருமியின் டி.என்.ஏ.வை அளந்தும், ஒளிரும் சாயம் பூசி மைக்ராஸ்கோப்பில் பார்த்தும்தான் கணக்கிடுகிறார்கள். சாதாரண லேப்களில் ரத்தத்தை வளர்த்து இந்த நோயைக் கண்டுபிடிக்க முடியாததற்கும் இதுவே காரணம்.

ஆனால் ஆன்டிபயாடிக் இங்கேயும் துப்பறியும் கருவியாக உதவியது. ஓரியன்ஷியாவுக்குச் செல்சுவரே கிடையாது என்றுதான் ரொம்ப காலம் நம்பினார்கள். செல்சுவர் தயாரிப்பைத் தடுக்கும் மருந்துகளை அதன்மேல் சோதித்துப் பார்த்ததும் அந்த ஆய்வின் ஒரு பகுதி. சுவரே இல்லை என்றால் அந்த மருந்துகள் எதையும் செய்யக் கூடாது அல்லவா? ஆனால் செய்தன. மற்ற சான்றுகளோடு சேர்த்து, மெல்லியதாக ஒரு சுவர் போன்ற அமைப்பு இருக்கிறது என்று 2017ல் ஆய்வுக் குழு அறிவித்தது. ஒரு மருந்து எதை உடைக்கிறது என்று தெரிந்தால், உடைந்ததை வைத்து உள்ளே என்ன இருந்தது என்று சொல்லலாம்.

ரெண்டு மருந்தா, ஒண்ணா?

நோய் முற்றி ஐ.சி.யு.வுக்கு வந்தவர்களுக்கு எது சிறந்தது என்ற கேள்விக்குப் பதில் தேடியது இந்தியாவில், அதுவும் வேலூர் சி.எம்.சி. தலைமையில். ஜார்ஜ் எம். வர்கீஸ் தலைமையிலான குழு, நாட்டின் 7 மருத்துவ மையங்களில் 794 நோயாளிகளை மூன்று பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு டாக்ஸிசைக்ளின், ஒரு பிரிவுக்கு அசித்ரோமைசின், மூன்றாவதுக்கு இரண்டும். எல்லாமே நரம்பு வழியாக, 7 நாள்.

முடிவு 2023ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்தது. இறப்பு, 7ம் நாளிலும் தீராத சிக்கல், 5ம் நாளிலும் விடாத காய்ச்சல் என மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், இரண்டு மருந்தும் பெற்றவர்களில் 33 சதவீதம் பேருக்கு இவற்றில் ஏதாவது ஒன்று நேர்ந்தது. டாக்ஸிசைக்ளின் மட்டும் பெற்றவர்களில் 47 சதவீதம், அசித்ரோமைசின் மட்டும் பெற்றவர்களில் 48 சதவீதம். இரண்டும் ரைபோசோமின் வெவ்வேறு பகுதியைப் பிடிப்பதால் சேர்ந்து நன்றாக வேலை செய்கின்றன என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இறப்பு எண்ணிக்கையை மட்டும் எடுத்துப் பார்த்தால் மூன்று பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. முற்றிய பிறகு எந்த மருந்தாலும் ஓரளவுக்குத்தான் இழுத்துப் பிடிக்க முடிகிறது. முற்றுவதற்கு முன் கண்டுபிடிப்பதில்தான் உயிர் இருக்கிறது.

வீட்டில் என்ன பார்க்க வேண்டும்?

பூச்சி கடித்த இடத்தில் பலருக்கு ஒரு கருப்புப் புண் வரும். சிகரெட்டால் சுட்ட மாதிரி, நடுவில் கருப்புப் பொருக்கு, சுற்றிச் சிவப்பு. வலிக்காது, அரிக்காது. அதனால் நோயாளிக்கே தெரியாது. இடமும் அப்படி: அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் பாவாடை நாடா கட்டும் இடம், மார்பின் அடிப்பகுதி, முதுகு. கூச்சத்தால் காட்டாமல் விடுவதும், கேட்காமல் விடுவதும் நடக்கிறது. எல்லோருக்கும் இந்தப் புண் வராது. அது இல்லை என்பதால் நோயும் இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

ரத்தத்தில் ஐ.ஜி.எம். எலிசா பரிசோதனை செய்வார்கள். காய்ச்சல் வந்த முதல் சில நாள்களில் இது நெகட்டிவ் என்றே வரலாம். உடம்பு எதிர்ப்பொருள் தயாரிக்க நாளாகும். சந்தேகம் பலமாக இருந்தால் ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் டாக்டர்கள் சிகிச்சையைத் தொடங்குவது இதனால்தான்.

அதற்காக மெடிக்கல் ஷாப்பில் டாக்ஸிசைக்ளின் வாங்கி நீங்களே கொடுக்கலாமா? கூடாது. டெங்கு, எலிக்காய்ச்சல், மலேரியா, டைபாய்டு எல்லாம் ஆரம்பத்தில் இதே முகத்தோடுதான் வரும். எது என்று பிரித்துப் பார்க்க டாக்டர் வேண்டும். விழுப்புரம் பக்கத்தில் இருப்பவர்களுக்கு முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. திண்டிவனத்தில் அரசு மருத்துவமனை இருக்கிறது. இரண்டு ஊரில் இருந்தும் புதுச்சேரி ஜிப்மர் பஸ்ஸில் போய்வரும் தூரம்தான்.

போனில் அம்மாவிடமோ, அவர் பக்கத்தில் இருக்கும் அக்காவிடமோ நீங்கள் சொல்ல வேண்டியது மூன்றே மூன்று:

"உடம்பு முழுக்க, துணி மறைக்கிற இடத்துலயும், கருப்பா பொருக்கு கட்டின புண்ணு எங்கயாவது இருக்கான்னு பாரு."

"ரெண்டு வாரமா கொல்லைக்கோ, புதர்ப் பக்கமோ, ஆடு மேய்க்கவோ போனியான்னு டாக்டர்கிட்ட நீயே சொல்லு. அவங்க கேக்கற வரைக்கும் காத்திருக்காத."

"இதுவரைக்கும் போட்ட ஊசி, மாத்திரைச் சீட்டு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுப் போ."

மூச்சு வாங்குதல், குழப்பமாகப் பேசுதல், சிறுநீர் குறைதல், கண் மஞ்சளாதல், இதில் ஒன்று இருந்தாலும் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்காமல் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். வண்டி இல்லை என்றால் 108.